ரீஃப் தொட்டிக்குப் பாறைச் சுவர்: மிதக்காமல், நாறாமல் கட்டுவது எப்படி

நான் முதலில் கட்டிய பாறைச் சுவர் மிதந்தது. ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கும் உப்புநீர் மீன் தொட்டி; என்னுடையது நான்கடி. பாறை மாதிரித் தெரிவதற்காகப் பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஃபோமும் (டப்பாவிலிருந்து அடித்தால் உப்பிக் கெட்டியாகும் நுரை) கல்லும் ஒட்டி, இரண்டு வாரம் காயவிட்டு, சோதனைக்காகக் குழாய்த் தண்ணீர் நிரப்பியிருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் சுவரின் கீழ் விளிம்பு கண்ணாடியை விட்டுக் கழன்று, ஒரு சாண் மேலே எழும்பி, முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்குற கல்லு வச்சிருப்பாங்களே, அதையா வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார். உள்ளே மீனோ பவளமோ இல்லாததால் அன்று சிரிக்க முடிந்தது.

இரண்டாவது சுவர் அப்படியே நிற்கிறது. அதை எப்படிக் கட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுவரின் முன்பக்கத்தை அழகாக்க ஆயிரம் படம் கிடைக்கும். என்னைத் தடுக்கி விழவைத்தவை எல்லாம் பின்பக்கத்தில் இருந்தன. அதனால் பின்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

என் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், 10 மி.மீ. கண்ணாடி. உள்ளளவில் சுவர் 118 செ.மீ. நீளம், 44 செ.மீ. உயரம், சராசரியாக 4 செ.மீ. கனம். பெருக்கினால் ஏறக்குறைய 21 லிட்டர். அதாவது இந்தச் சுவர் 21 லிட்டர் உப்புநீரை விலக்கிக்கொண்டு உட்காருகிறது. ஃபோமின் சொந்த எடை ஒரு கிலோகூட வராது. ஆக, தண்ணீர் இதை 20 கிலோவுக்கும் அதிகமான விசையோடு நாள் முழுக்க மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கியவர்களுக்கு இது எவ்வளவு என்று கை சொல்லும்.

ஃபோமுக்குள் கல் பதித்தால் இந்த விசை குறையும். ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை ஒரு கிலோ, தண்ணீருக்குள் 600 கிராம் சொச்சம்தான் கனக்கும். நான் பதித்தது 12 கிலோ. அதில் பாரமாகக் கிடைத்தது ஏழரைக் கிலோ. மிச்சத்தை, சுவரைக் கண்ணாடியில் ஒட்டும் சிலிகான் பசையும், தொட்டியின் மேல்பட்டையும் (மேல் விளிம்பில் ஓடும் கண்ணாடிப் பட்டை) பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் தொட்டிக்குப் போட்டுப் பார்க்காமல் ஃபோம் டப்பாவைத் திறக்காதீர்கள்.

இடமும் போகும். 48 செ.மீ. உள்ளகலத்தில் சில இடங்களில் 8 செ.மீ. சுவருக்குப் போய்விட்டால், பாறை அடுக்கவும் முன்கண்ணாடி துடைக்கவும் மிஞ்சுவது 40. ஒன்றரை அடிக்கும் குறைவான அகலமுள்ள தொட்டியில் சுவர் வேண்டாம் என்பது என் கருத்து.

சிமெண்ட்டா, ஃபோமா?

சிமெண்ட் மிதக்காது, சரிதான். ஆனால் அதே 21 லிட்டர் சிமெண்ட்டில் 45 கிலோவைத் தாண்டும். போதாதற்கு, புது சிமெண்ட் தண்ணீரின் பி.எச். அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். 28 நாள் ஈரத்தில் பதமாகி, அதன்பின் வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறி, மாற்றிய தண்ணீர் இரண்டு நாளுக்குப் பிறகும் 8.5-க்குக் கீழேயே நின்றால்தான் அது தொட்டிக்குத் தயார். பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். தெர்மாகோலில் செதுக்கி மேலே சிமெண்ட் பூசும் முறை ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வளர்ப்பவர்களிடம் பிரபலம். அதிலும் உள்ளே தெர்மாகோல்தான், மிதப்புப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

நான் எடுத்தது கறுப்பு நிற பாலியூரித்தேன் ஃபோம். குளம், நீர்வீழ்ச்சி வேலைகளுக்கென்று விற்கும் வகை. கதவுச் சட்டத்தில் அடிக்கிற மஞ்சள் ஃபோம் மலிவுதான், ஆனால் கல்லுக்கு நடுவே எங்கே தெரிந்தாலும் மஞ்சளாகப் பல்லிளிக்கும். தீத்தடுப்பு என்று எழுதியிருக்கும் ஃபோம் வேண்டவே வேண்டாம், அதில் சேர்த்திருக்கும் ரசாயனம் பவளத்தோடு இருக்க வேண்டியதல்ல.

சிலிகான் வாங்கும்போது ஹார்ட்வேர் கடைக்காரர், "பாத்ரூமுக்கா சார், மீன் தொட்டிக்கா?" என்று கேட்டால் அவர் நல்ல கடைக்காரர். பாத்ரூம் சிலிகானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். நமக்கு வேண்டியது எந்தச் சேர்மானமும் இல்லாத, காயும்போது வினிகர் வாடை அடிக்கிற, அக்குவாரியத்துக்கு என்று போட்டிருக்கிற வகை.

அடுத்தது, ஃபோமையும் கல்லையும் தாங்கும் எலும்புக்கூடு. டியூப்லைட் பெட்டிகளுக்கு முன்னால் பொருத்தும் சதுரக் கட்டம் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தட்டு தெரியுமல்லவா, லைட் டிஃப்யூசர், அதுதான். எக் கிரேட் என்றும் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: ஏசி டக்ட் வேலை செய்யும் கடையில் போய் எக் கிரேட் என்று கேட்டால் பார்வைக்கு அதே மாதிரி ஒன்றைத் தருவார்கள். பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும். உப்புநீரில் அது அரிக்கும். நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டையில் ஒரு சுவர்

ஃபிரிட்ஜ் வந்த பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்கண்ணாடி அளவுக்கு வெட்டித் தொட்டிக்குள் நிறுத்தி, ஓவர்ஃப்ளோ பெட்டி (மேல்மட்டத் தண்ணீர் வடிந்து வெளியேறும் இடம்) எங்கே, ரிட்டர்ன் குழாய் (அந்தத் தண்ணீர் திரும்பி வரும் வழி) எங்கே என்று பேனாவால் வரைந்து வெட்டி எடுங்கள். ஓவர்ஃப்ளோவின் சீப்புப் பற்களைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி விடுங்கள். நத்தை வந்து அடைத்துக்கொண்டால் கைபோக வேண்டும்.

வேவ்மேக்கர்களை, அதாவது காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டி நின்று தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் பம்ப்புகளை, பக்கக் கண்ணாடிக்குத் தள்ளிவிடுங்கள். காந்தம் 10 மி.மீ. கண்ணாடியைத் தாண்டிப் பிடிக்கும், 4 செ.மீ. ஃபோமைத் தாண்டிப் பிடிக்காது. பின்சுவரில்தான் வைத்தாக வேண்டும் என்றால் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடியை வெறுமையாக விடுங்கள்.

இப்போது எல்லோரும் மறக்கிற விஷயம். தொட்டியின் மேலே கண்ணாடிப் பட்டைகள் ஓடுகின்றன, நடுவில் குறுக்குப் பட்டை வேறு. கட்டிய சுவர் அந்தத் திறப்பு வழியாக உள்ளே இறங்க வேண்டுமே! என் தொட்டியில் திறப்பு 54 செ.மீ. நீளம். அதனால் சுவரை 39 செ.மீ. அகலத்தில் மூன்று துண்டாகக் கட்டினேன். துண்டுகளை நேர்கோட்டில் பிரிக்காமல், அட்டையிலேயே பாறை வெடிப்பு மாதிரி வளைத்து நெளித்து வரைந்து பிரியுங்கள். பிறகு ஒட்டிய இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

உயரம்: சுவரின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே நிற்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக் காய்ந்து வெள்ளைக் கரை கட்டும். மேலே தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், வெளிப்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும்.

கல்

கல் உலர்ந்த பாறையாக இருக்க வேண்டும். உயிர்ப்பாறையை (சின்னச் சின்னக் கடலுயிர்கள் குடியிருக்கும் ஈரப் பாறை) பதிக்க நினைக்காதீர்கள், வேலை முடியும் இரண்டு மூன்று வாரத்தில் அதிலுள்ள உயிர்கள் செத்து, சுவர் அழுகலோடுதான் தொட்டிக்குள் போகும். இறக்குமதியாகும் உலர்ந்த ரீஃப் பாறையோ, செயற்கையாகச் செய்த பீங்கான் பாறையோ சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். உடைந்த துண்டுகளே நமக்குப் போதும், விலையும் குறையும்.

மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லை எடுத்து வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்ததை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு தீவைத் தாங்கிய கல்லை நம் வரவேற்பறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

கற்களை உளியால் பிளந்து, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். தட்டைப் பக்கம், அட்டை அளவுக்கு வெட்டிய எக் கிரேட் கட்டத்தின்மேல் உட்காரும். மேடைகளாக நீட்டி நிற்க வேண்டிய கற்களுக்கு, கான்கிரீட் துளையிடும் பிட்டால் 8 மி.மீ. துளை போட்டு, அக்ரிலிக் கம்பி செருகி, கம்பியின் மறுமுனையைக் கட்டத்தோடு நைலான் டையால் கட்டுங்கள். இரும்புத் திருகு, கட்டுக்கம்பி எதுவும் கூடாது. துருப்பிடிக்காத எஃகும் உப்புநீரில் துருப்பிடிக்கும்.

கட்டத்தின்மேல் கற்களை ஒட்டாமல் பரப்பி வைத்து இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். மேடைகள் புத்தக அலமாரி மாதிரி ஒரே வரிசையில் வந்துவிடும், நம் கை அப்படித்தான் வைக்கும். கலைத்து வையுங்கள். கனமான கற்கள் கீழ்ப்பாதியில் போகட்டும். மேலே நீட்டும் மேடை கீழே நிழல் போடும் என்பதையும் கவனியுங்கள். அந்த நிழல் பிறகு வெளிச்சம் வேண்டாத உயிர்களுக்குப் பயன்படும்.

ஃபோம் அடிக்கும் நாள்

மொட்டை மாடியில், நிழலில் செய்யுங்கள். டப்பாவில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது, சமையலறை பக்கமே போகக் கூடாது. கையுறை இரண்டு ஜோடி, பழைய சட்டை. தோலில் பட்டுக் காய்ந்துவிட்டால் எந்த சோப்பும் எடுக்காது, தோல் உதிரும்போதுதான் அது உதிரும். காய்வதற்குள் என்றால் அசிட்டோன் எடுக்கும்.

தரையில் பாலித்தீன் தாள் விரியுங்கள். பாலித்தீனில் இந்த ஃபோம் ஒட்டாது, அதுதான் நம் வசதி. தாளின்மேல் கட்டம், கட்டத்தின்மேல் கற்கள். ஓரத்துக்குப் பாலித்தீன் சுற்றிய மரச்சட்டம் வைத்தால் ஃபோம் அளவைத் தாண்டி வழியாது.

டப்பாவை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து, முதலில் கட்டத்தின் குழிகளுக்குள் அடியுங்கள். ஃபோம் குழிகள் வழியே கீழே இறங்கித் தாளில் பரவி, கட்டத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ள வேண்டும். பிறகு கல்லைச் சுற்றி, கல்லுக்கு அடியில். கல்லின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தான் செய்யும், காய்ந்தபின் கத்தியால் சீவலாம்.

ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். அடித்தபின் அது இரண்டு மூன்று மடங்கு உப்பும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் ஒன்று மெல்லத் திரும்பி வேறு பக்கம் பார்க்கும். மூன்று செ.மீ. கனத்துக்கு மேல் ஒரு அடுக்கில் வேண்டாம். இந்த ஃபோம் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் கெட்டியாகும், கனமாக அடித்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே பிசுபிசுவென்று இருந்துவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும். பாதியில் காபி குடிக்கப் போனால் டப்பாவின் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று காயும்போது அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருங்கள். இந்த அளவுக்கு எனக்கு 750 மி.லி. டப்பா இரண்டு முழுதாகவும் மூன்றாவதில் கொஞ்சமும் செலவாயின.

செதுக்கலும் மணலும்

ஒரு நாள் கழித்து ஹேக்சா பிளேடும் பழைய ரொட்டிக் கத்தியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஃபோம் காய்ந்ததும் மேலே பளபளவென்று, இட்லி மாவு பொங்கினது மாதிரி இருக்கும். அந்தத் தோல் முழுவதையும் சீவி எடுங்கள். கத்தியால் வெட்டிய இடம் வெட்டியதுபோலவே தெரியும். விரலால் பிய்த்து எடுத்த இடம்தான் பாறை மாதிரி இருக்கும். நான் கடைசியில் கத்தியை வைத்துவிட்டுப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

துண்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தையும் கட்டத்தின் கோடுகள் தெரியும்வரை சீவித் தட்டையாக்குங்கள். இதைச் சோம்பலில் விடாதீர்கள், கண்ணாடியோடு சேரப் போவது இந்த முகம்தான்.

முன்பக்கத்தில் ஃபோம் தெரியும் இடங்களுக்கு, கரைப்பான் கலக்காத இரண்டு பாக எப்பாக்ஸிப் பசையைத் தூரிகையால் தடவி, உலர்ந்த அரகோனைட் மணலையும் (சுண்ணாம்பு வகை மணல்) கல்லை உடைத்தபோது விழுந்த பொடியையும் தூவி, கையுறைக் கையால் அழுத்துங்கள். ஒரு முறைக்கு ஒரு முழம் அளவு போதும், எப்பாக்ஸி இறுகுவதற்குள் முடித்துவிடலாம். ஒரே அளவு மணலாகப் போட்டால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும், பொடியும் குருணையும் கலந்து போடுங்கள். எல்லா இடத்தையும் மூட வேண்டாம். ஆழமான வெடிப்புகளில் ஃபோமின் கறுப்பு அப்படியே இருந்தால் அது இருட்டாகத் தெரியும், சுவருக்கு ஆழம் வரும். ஒரு வாரம் காயட்டும்.

கண்ணாடியில் ஒட்டுவது

என் முதல் சுவர் கழன்றதற்குக் காரணம் இங்கேதான். அது பழைய தொட்டி. முந்தைய சிலிகானின் மெல்லிய படலம் பின்கண்ணாடியில் இருந்தது, நான் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். காய்ந்த பழைய சிலிகானின்மேல் புது சிலிகான் ஒழுங்காகப் பிடிக்காது. ஷேவிங் பிளேடால் கண்ணாடி கீச்சிடும்வரை சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோனும் வேலை செய்யும், ஆனால் அக்ரிலிக் ஓவர்ஃப்ளோ பெட்டி இருந்தால் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாளம் பாளமாக வெடித்துவிடும்.

அடுத்த தவறு, பின்பக்கம் முழுக்க சிலிகானைத் தோசை மாதிரி பரப்புவது. சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தால் காய்வது. நாலு பக்கமும் மூடிக்கொண்டால் நடுவில் இருப்பது வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். அதனால் மேலிருந்து கீழாக, விரல் கனத்தில், 8 செ.மீ. இடைவெளியில் கோடுகளாக விடுங்கள். நடுத்துண்டு முதலில், பிறகு இரண்டு ஓரம். அழுத்தி, முன்கண்ணாடியிலிருந்து பிவிசி பைப் துண்டுகளை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். ஏழு நாள். வினிகர் வாடை சுத்தமாகப் போகும்வரை தொடவே வேண்டாம்.

ஏழு நாள் ஆனபிறகுதான் ஓரங்களைச் சுற்றி, அடியில், ஓவர்ஃப்ளோவைச் சுற்றி சிலிகானால் மூட வேண்டும். துண்டுகளுக்கு நடுவே இருக்கும் வெடிப்பில் கொஞ்சம் ஃபோம் அடித்து, எப்பாக்ஸியும் மணலும் போட்டு மறையுங்கள். மூடுவதை ஒப்புக்குச் செய்யாதீர்கள். விரல் நுழையும் சந்து ஒன்று இருந்தால் அதன் வழியே தீனியும் கழிவும் பின்னால் போகும், தண்ணீர் ஓட்டம் போகாது. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் அது அழுகி ஹைட்ரஜன் சல்பைடாகும், அழுகிய முட்டை நாற்றம். சின்ன மீன் பின்னால் நுழைந்து செத்தால் எடுக்க வழியே இருக்காது. ஒன்று முழுசாக மூட வேண்டும், இல்லையென்றால் ஐந்து செ.மீ. இடம் விட்டுப் பின்னால் ஒரு பம்ப்பை ஓடவிட வேண்டும். நடுவாந்தரமாக விடுவதுதான் ஆபத்து.

கடைசியாக, சுவரின் மேல் விளிம்புக்கும் தொட்டியின் மேல்பட்டைக்கும் நடுவே நான்கு சிறு அக்ரிலிக் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டினேன். சிலிகான் தளர்ந்தாலும் சுவர் மேலே எழும்ப இடமில்லை.

ஊறல்

குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம், நடுவில் இரண்டு முறை மாற்றுங்கள். பகலில் டார்ச் அடித்து ஓரங்களைப் பாருங்கள், கழல்கிறது என்றால் இப்போதே தெரிந்துவிடும். பிறகு காலி செய்து, ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கரைத்து, அடர்த்தி 1.025-க்குக் கொண்டுவந்து, பம்ப்பும், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கரி நிரப்பிய பையும் போட்டு ஓடவிடுங்கள். உப்பை அளக்கும்போது சுவர் பிடித்துக்கொண்ட 21 லிட்டரைக் கழிக்க மறக்காதீர்கள். அப்புறம், கழிவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகும் வழக்கமான சைக்கிள்தான்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

முதல் மாதங்களில் சுவர் பார்க்கச் சகிக்காது. பழுப்புப் பாசி, பிறகு பச்சை. தேய்க்காதீர்கள், மணல் உதிரும். நத்தைகள் பார்த்துக்கொள்ளும். கால்சியம் 420 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), மக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம் நிலையாக இருந்தால், பாறைமேல் ஓடுபோலப் படியும் ஊதாநிறக் கோரலைன் பாசி தானாக வரும். எனக்கு முதல் புள்ளி வர ஐந்து மாதம் ஆனது, அதுவும் நான் அழகாகச் செய்ததாக நினைத்த இடத்தில் இல்லை, ரிட்டர்ன் குழாயின் அடியில்.

கடல் முள்ளெலி என்கிற அர்ச்சினை இந்தத் தொட்டியில் விடாதீர்கள். கோரலைனோடு சேர்த்து எப்பாக்ஸியையும் ஃபோமையும் சுரண்டிவிடும். படர்ந்து வளரும் பச்சை நட்சத்திரப் பாலிப் என்ற பவளத்தைச் சுவரில் வைக்க ஆசை வரும். வைத்தால் அதன்பின் சுவர் அதனுடையது, நீங்கள் பதித்த ஒரு கல்லும் தெரியாது.

என்றாவது சுவரை எடுக்க வேண்டி வந்தால், தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, மேல் விளிம்பிலிருந்து கண்ணாடியை ஒட்டி ரம்பம் மாதிரி இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவாருங்கள். 40 கிலோ தாங்கும் நரம்பு வேண்டும், மெல்லியது அறுந்து கையைக் கிழிக்கும். தண்ணீரை வடித்துவிட்டுச் செய்யுங்கள்.